289 டாலர் போச்சு: ஆர்விக்கு வாட்டர் சாஃப்ட்னர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் என் போனைப் பாதியில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 289 டாலர்! சாஃப்ட்னர், அதாவது கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி, வாங்குமுன் பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கீழே எழுதுகிறேன். அதற்குமுன் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் இரண்டு வருஷமாக ஆர்வியில்தான், அதாவது வீடு மாதிரி வசதியுள்ள வண்டியில், குடியிருக்கிறோம். குளிர்காலத்துக்கு அரிசோனா. அந்தப் பக்கத் தண்ணீர் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். சோப்பு நுரைக்காது, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். போன வருஷம் ஹீட்டருக்குள் சுண்ணாம்பு கட்டி அதுவும் நின்றுபோனது. அதனால்தான் சின்னதாக, தூக்கிக்கொண்டு போகிற சாஃப்ட்னர் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினோம்.

நெடுஞ்சாலையோரம் ஒரு ஆர்வி உதிரிபாகக் கடை. நடத்துகிறவர் பெரியவர். தானும் ஆறு வருஷம் ஆர்வியில் இருந்ததாகச் சொன்னார். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார், ஒன்று குழாயில், ஒன்று சாஃப்ட்னர் வழியாக. இரண்டிலும் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் குலுக்கினார். ஒன்றில் தயிர் மாதிரி திரிந்து நின்றது, மற்றதில் கழுத்துவரை நுரை. அங்கேயே விழுந்துவிட்டேன். "16,000 கிரெயின், உங்கள் இரண்டு பேருக்கு ஒரு மாசம் தாராளம். 310 டாலர், கேஷாகக் கொடுத்தால் 289" என்றார். கிரெயின் என்பது தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் அலகு, அவ்வளவை இந்தக் கருவி பிடித்துவைக்கும் என்று அர்த்தம். என் கணவர் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி, "பரவாயில்லையே, லேசாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அந்த லேசில்தான் விஷயமே இருந்தது.

ஒன்பதாம் நாள் நுரை போச்சு. கடினத்தன்மை காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டால் கேலனுக்கு 18 கிரெயின், நாங்கள் வண்டி நிறுத்தியிருக்கும் கேம்ப்கிரவுண்ட் குழாயில் வருகிற அதே அளவு. 16,000-ஐ 18-ஆல் வகுத்தால் 880 கேலனுக்கு மேல் வர வேண்டும். நாங்கள் ஒரு நாளைக்கு 30 கேலன் தாண்டுவதில்லை.

போன் போட்டேன். "புது ரெசின் அப்படித்தான், ஒருமுறை உப்புப் போட்டு ரீசார்ஜ் பண்ணுங்கள்." ரெசின் என்றால் உள்ளே கால்சியத்தைப் பிடிக்கிற மணிகள், அவை நிறைந்ததும் உப்புத் தண்ணீர் விட்டுப் புதுப்பிப்பதுதான் ரீசார்ஜ். சரி, சாப்பாட்டு உப்பு இரண்டு டப்பா கொட்டி, மெதுவாகத் தண்ணீர் விட்டு, அப்புறம் உப்புக் கரிப்புப் போகும்வரை அலசினோம். மறுபடியும் ஒன்பது நாள். அடுத்த போன்: "டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பாருங்கள்." தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும் கருவி அது. வாங்கினோம். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண். "பார்த்தீர்களா, உங்கள் கேம்ப்கிரவுண்ட் தண்ணீரே சரியில்லை" என்றார். பிறகுதான் தெரிந்தது, சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது, அதனால் டிடிஎஸ் குறையவே குறையாது. ஆறு வருஷம் ஆர்வியில் இருந்தவருக்கு இது தெரியாதா? மூன்றாவது ரீசார்ஜும் சொன்னார். இப்படியே இழுத்து, முப்பத்து நாலாம் நாள், "ரிட்டர்ன் முப்பது நாள்தான்" என்றார்.

வயிறு எரிந்து டாங்கைத் திறந்துவிட்டோம். தேன் நிறத்தில் கசகசா மாதிரி மணிகள். பக்கெட்டில் கொட்டி அளந்தால் நாலு லிட்டர். 16,000 கிரெயினுக்குக் கிட்டத்தட்ட 14 லிட்டர் ரெசின் வேண்டும்! இதை இன்றைக்குச் சொன்னால், "திறந்துவிட்டீர்களா? அப்போ வாரண்டியும் போச்சு" என்று போனை வைத்துவிட்டார். 289 டாலருக்கு நாலு லிட்டர் மணி.

பத்து விஷயம் என்றேன், இப்போது ஞாபகத்துக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். தூக்கிப் பாருங்கள், 16,000 கிரெயின் என்றால் ரெசின் மட்டுமே பன்னிரண்டு கிலோ அளவுக்கு இருக்கும், ஒற்றைக் கையில் வந்தால் வாங்காதீர்கள். சோப்பு நுரையை நம்பாதீர்கள், அரை டம்ளர் ரெசின் இருந்தாலும் முதல் பாட்டிலுக்கு நுரைக்கும். டிடிஎஸ் மீட்டர் வேண்டாம், ஹார்ட்னஸ் ஸ்ட்ரிப் போதும், முதல் நாளிலிருந்தே போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். கேஷ் கொடுக்காதீர்கள். 21 டாலர் மிச்சம் பிடிக்கப்போய் 289 டாலரை விட்டேன், கார்டில் வாங்கியிருந்தால் பேங்கிலாவது கேட்டிருக்கலாம்.

மீதி ஆறும் இப்போது வரவில்லை. அந்த பக்கெட் வேறு வாசலிலேயே கிடக்கிறது, காற்று அடிப்பதற்குள் அதை மூடி வைக்க வேண்டும்.