பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டில் வளர்ந்தவருக்கு: யாழ்ப்பாணத்தில் எந்த உதவி எதற்குப் பொருந்தும்?

"வீட்டோட வைச்சுப் படிப்பிக்கிறம்" என்று அயலுக்குச் சொல்லிவிட்டு, உள்ளே படிப்பும் இல்லாமல் வெளியே போகவும் விடாமல் பிள்ளை வளர்த்த வீடுகள் யாழ்ப்பாணத்திலும் உண்டு. மதக் குழுவின் கட்டுப்பாடு, சாமத்தியப்பட்ட பிள்ளை என்ற பயம், தகப்பனின் சந்தேகம், வீட்டு வேலைக்கு ஆள் என்று காரணங்கள் பல. 1998 இலிருந்து 14 வயது வரையும், 2016 இலிருந்து 16 வயது வரையும் பாடசாலை கட்டாயம். ஆனால் கதவைத் தட்டிக் கேட்க ஆள் வராத வீட்டுக்குள் அந்தச் சட்டம் போகவில்லை.

அப்படி வளர்ந்தவர் 25, 30 வயதில் உதவி தேடிப் போனால், படிப்பு நின்றுபோனது என்று சொன்ன உடனேயே "எந்த இடப்பெயர்வில?" என்று கேட்பார்கள். 1995 ஒக்ரோபரில் நடந்ததுபோன்ற போர் இடப்பெயர்வில் ஊரே வெளிக்கிட்டது. எல்லாரும் சேர்ந்து இழந்தார்கள், அதனால் சேர்ந்து பேசவும் முடிகிறது. இங்கே கதை வேறு. அயல் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போக, ஒரு பிள்ளை மட்டும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றது. அடைத்து வைத்தவர் பெற்றவர். இந்த வித்தியாசம் விளங்காத ஆளிடம் போனால் எந்தச் சிகிச்சையும் பிழையாகப் போகும்.

முதலில் இடங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. காசு இல்லை, மருந்தும் அங்கேயே கிடைக்கும். நித்திரை கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர் யோசிக்காமல் முதலில் போகவேண்டிய இடம் இதுதான். இரவில் அந்த எண்ணம் முற்றினால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். கிளினிக்கின் குறை நேரம். வரிசை நீளம், வைத்தியரோடு இருக்கும் நிமிடங்கள் கொஞ்சம். செர்ட்ரலின், ஃபுளுவொக்செற்றின் போன்ற மனச்சோர்வு, பதற்றக் குளிசைகள் வேலை செய்ய 2 முதல் 6 கிழமை எடுக்கும். பலர் பத்தாம் நாளில் "ஒண்டும் நடக்கேல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் சுகம் தெரிந்ததும் ஒரேயடியாக விட்டு, தலைச்சுற்றோடும் எரிச்சலோடும் திரும்பி வருகிறார்கள். குளிசை பதற்றத்தைக் குறைக்கும், பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத வெட்கத்தைத் தொடாது. கிளினிக் கொப்பியிலும் கவனம் தேவை. பெற்றோரோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவர் அதை எங்கே வைப்பது என்று முதல் நாளே யோசித்துவிடவேண்டும். அங்கொடை மனநல வைத்தியசாலையை வைத்து "அங்கொடைக்கு அனுப்போணும்" என்று சொல்லும் பழைய பகிடி இன்னும் சாகவில்லை.

அடுத்தது உளவளத்துணை. சாந்திகம் போன்ற நிலையங்களும், பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இதில் அடங்குவர். ஒரு தடவைக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் இருந்து கதைக்கலாம் என்பது பெரிய விஷயம். கிழமைக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம் என்று போனால்தான் பலன் தெரியும். செயலகத்தில் ஒரு சங்கடம் உண்டு: சின்னம்மாவும் அதே கட்டடத்துக்குத்தான் கடிதம் எடுக்க வருவா. ஆகவே முதல் சந்திப்பிலேயே நான்கு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. என் கோப்பு எங்கே இருக்கும்? உங்களை யார் மேற்பார்வை செய்கிறார்? என் சம்மதம் இல்லாமல் வீட்டாரைக் கூப்பிடுவீர்களா? சிறுவயதில் வன்முறைக்கு உள்ளான வளர்ந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு "குடும்பம் ஒண்டாச் சேர்ந்தாத்தான் எல்லாம் சரிவரும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று பதில் வந்தால் வேறிடம் பார்ப்பதே புத்தி. அடைத்து வைத்தவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினால், சொல்ல வந்தவர் பழையபடி வாய்மூடிவிடுவார். மன்னிப்பதா இல்லையா என்பது அவருடைய விஷயம். அது சிகிச்சையின் இலக்கு அல்ல.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் தமிழ் உளவியலாளரோடு சூமில் கதைப்பது. ஊர் வாய் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். பலவீனங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் கோடைகால இரவு 7 மணி என்றால் இங்கே விடிய 4.30. சிட்னிக்காரரின் நேரம் ஓரளவு தோதுப்படும், அங்கே பின்னேரம் 6 மணியாகும்போது இங்கே மதியம் தாண்டியிருக்கும். அவருடைய அனுமதிப்பத்திரம் நாட்டுக்கு வெளியே இருப்பவரைப் பார்க்க இடம் கொடுக்கிறதா என்று கேட்க வேண்டும். மருந்து எழுதமாட்டார், ஆபத்தென்றால் வரவும் மாட்டார். பலகைத் தட்டிக்கு அப்பால் தகப்பன் இருமிக்கொண்டிருக்கும் அறையில் இருந்து இதைச் செய்யவே கூடாது. நண்பர் வீடோ, நிறுத்தி வைத்த ஓட்டோவோ பரவாயில்லை. யாராவது உள்ளே வந்தால் கதையை மாற்ற, "சமையல் குறிப்பு அனுப்புங்கோ" என்பதுபோல் ஒரு குறிச்சொல்லை முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

இடத்தைவிட முறைதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில் போர் வடுக்களுக்குப் பழக்கமான முறை கதைசொல் வெளிப்பாட்டுச் சிகிச்சை. நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டுவார்கள். ஒரு முனை பிறப்பு. மறுமுனையில் கொஞ்சம் விரிக்காமல் சுருட்டியே விடுவார்கள், அது இனி வரப்போகும் காலம். நல்லது நடந்த இடத்தில் ஒரு செவ்வரத்தம்பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு கல்லாக, ஒழுங்கு மாறாமல், என்ன கேட்டது, என்ன மணத்தது, உடம்பில் எங்கே இறுகியது என்று சொல்லி எழுதுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 சிறுவர்களிடம் இதன் சிறுவர் வடிவத்தையும் தியான, ஆசுவாசப் பயிற்சியையும் ஆறு ஆறு அமர்வாக ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின் முதல் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். இவ்வளவு சின்னக் குழுவில் அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒன்றைத் தூக்கிப்பிடித்து மற்றதைத் தள்ளத் தேவையில்லை.

பெல்ட்டால் அடித்தது, இருட்டறையில் பூட்டியது போன்ற நினைவுகள் இரவில் திரும்பத் திரும்ப வருகிறவருக்குக் கயிற்று முறை நன்றாகப் பொருந்தும். புறக்கணிக்கப்பட்டவருக்கு அது கைகொடுக்காது. அவருடைய துயரம் நடந்ததல்ல, நடக்காதது. ஆறாம் வகுப்பு இல்லை, சிநேகிதி இல்லை, விளையாட்டுப்போட்டி இல்லை. நடக்காததுக்கு எந்த இடத்தில் கல் வைப்பது? கயிறு வெறுமையாகக் கிடக்க, "எனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, பிறகேன் இப்பிடி இருக்கிறன்" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு எழும்பிப் போவார்.

அவருக்குப் படிப்படியாகப் பழக்கும் நடத்தை முறை நல்லது. பயத்தை 0 முதல் 100 வரை புள்ளியிட்டு ஏணி கட்டுவார்கள். கடையில் சாமான் வாங்கி மிச்சக் காசை அங்கேயே நின்று எண்ணுவது 30. வங்கியில் வைப்புச் சீட்டைத் தானே நிரப்புவது 50. பொது நூலகத்தில் சிறுவர் பகுதிப் புத்தகம் கேட்பது 65. பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் "எனக்கு விளங்கேல்லை" என்று கை உயர்த்துவது 90. ஒரு படியில் பயம் கிட்டத்தட்டப் பாதியாகும் வரை நின்று, அதையே மூன்று நான்கு தடவை செய்த பின்புதான் அடுத்தது. வழக்கமாக நடக்கும் பிழை 30 இலிருந்து 90 க்குப் பாய்வது. தோற்றுப்போய் வீட்டுக்குள் திரும்பினால் ஏணியை மறுபடி கட்ட மாதங்கள் போகும். தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணம் எலும்புவரை ஊறியிருந்தால் சிறுவயதில் ஊறிய எண்ணப்பதிவுகளை மாற்றும் ஸ்கீமா சிகிச்சை ஆழமாகப் போகும், ஆனால் அது ஒரு வருடம், அதற்கு மேலும் இழுக்கும். கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தனிச் சம்பவங்களுக்கு அது கதைசொல் முறையைப்போலவே பலன் தரும், புறக்கணிப்புக்கு அதே குறை அதற்கும் உண்டு.

எந்த முறை என்றாலும், அடித்தவரோடு இன்னும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும்போது நினைவுகளைக் கிளறக்கூடாது. முதலில் நித்திரை, பாதுகாப்பான ஓரிடம், பதற்றம் ஏறும்போது குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி அறையில் உள்ள ஐந்து பொருளைப் பெயர் சொல்லும் பழக்கம். ஓரிரு மாதம் இதற்கே போனாலும் நட்டமில்லை.

படிப்பைச் "சுகமான பிறகு பாப்பம்" என்று தள்ளிவைக்கும் ஆலோசகர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இவர்களுக்குப் படிப்பும் சிகிச்சையில் ஒரு பகுதி. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரம் 5 கணிதத்தில் தொடங்கி நாளுக்கு 25 நிமிடம் போதும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரணதரம் எடுப்பது மதிப்பான வழி, ஆனால் பரீட்சை மண்டபமே ஏணியின் 90 ஆவது படி. கைத்தொழில் தெரிந்தவருக்குத் தேசிய தொழிற் தகைமை தோதானது. தையலோ மரவேலையோ செய்த அனுபவத்தைச் செய்முறையாகக் காட்டி மதிப்பிடச் செய்து, பாடசாலைச் சான்றிதழ் இல்லாமலே தரம் 3, 4 பெறலாம். வெட்கம் அதிகமாக உள்ளவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். கையில் ஒரு சான்றிதழ் வந்தபின் சாதாரணதரத்துக்குப் போவது லேசு.

இரண்டு வழிக்கும் அடையாள அட்டை வேண்டும். பாடசாலையில் இருந்தால் அதிபர் ஊடாக எடுத்திருப்பார்கள். போகாதவர் கிராம சேவையாளர் ஊடாக விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழைத் தாய் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தால் அதற்காக வீட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை, பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் போதும். அந்தப் படிவத்தை வேறொருவரிடம் கொடுக்காமல் தானே நிரப்பினால், ஏணியில் 50 ஆவது படியும் அன்றே முடியும்.