ஊர்க் கோவில்களைச் சுற்ற 125 சிசி வண்டி: கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓட்டிய அனுபவம்

சின்ன ஊர்த் தேவாலயங்களுக்குப் போவது, அங்கிருக்கும் கத்தோலிக்கப் பங்குச் சாமியாரையோ (பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்) புராட்டஸ்டண்ட் போதகரையோ பார்த்துப் பேசுவது, பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் கேட்டு வாங்கிப் பார்ப்பது. சில வருடங்களாக என் வண்டி முக்கியமாக இதற்குத்தான் ஓடுகிறது. சாதாரண 125 சிசி, டிரம் பிரேக், பின்னால் ஒரு கேரியர், அவ்வளவுதான். "இவ்வளவு சுற்றுகிறாயே, ஒரு 350 எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. இந்தச் சுற்றலுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்றுதான் சொல்வேன்.

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்துக்கோ, புதுச்சேரி ரயில் நிலையத்தை ஒட்டிய திருஇருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கோ பஸ்ஸிலேயே போய்விடலாம். நான் சொல்வது வேறு மாதிரிக் கோவில்கள். மெயின் ரோட்டை விட்டு இறங்கி, வயலை ஒட்டிய சிமெண்ட் பாதையில் போய், மாடு கட்டியிருக்கும் சந்தில் திரும்பினால்தான் மணிக்கூண்டே கண்ணில் படும். வழி தவறிவிட்டால் வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தபடியே பின்னுக்குத் தள்ளித் திருப்பிவிட முடிகிற வண்டி அங்கே பெரிய வரம். 350 வண்டிகள் பெரும்பாலும் 180 கிலோவுக்கு மேல். அந்தச் சந்தில் அதைத் திருப்ப ஆள் கூப்பிட வேண்டியிருக்கும்.

கடலூர்–பண்ருட்டி ரோடுதான் எனக்கு அதிகம் பழகியது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு டிராக்டர் வரிசை நகரவே நகராது. தோகையும் துண்டுக் கரும்பும் ரோட்டில் சிதறிக் கிடக்கும். இங்கே வேகம் எதற்கும் உதவாது. இரண்டாவது கியரில் திணறாமல் ஊர்ந்து போக வேண்டும், அதை என் வண்டி நன்றாகவே செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. 2019 முதல் 125 சிசி வரைக்கும் கட்டாயமாக்கப்பட்ட சிபிஎஸ்தான், அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும்.

அதே ரோட்டில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். 1860களில் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி டேனிஷ் மிஷன் வேலையை வேரூன்றச் செய்த ஊர். இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்ததுதான். அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் முன்னால், 1740இலிருந்து கடலூரில் ஊழியம் செய்த ஸ்வீடன்காரர் கியர்நாந்தர். 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போனவர். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். வாசலில் நின்று பேசிய போதகர் ஐயா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார், ஐயரம்மா, அதாவது அவர் மனைவி, டீ கொண்டு வருவார்.

சாமியார்கள் விஷயத்தில் வண்டியே பேச்சைத் தொடங்கிவைக்கும். ஒரு பங்கில் நான் ஸ்டாண்ட் போடுவதைத் திண்ணையிலிருந்து பார்த்த ஃபாதர் நேராக வண்டியிடம்தான் வந்தார். செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, விரலை விட்டுச் செயினைத் தூக்கிப் பார்த்தார். "தொய்வா இருக்கு தம்பி, இப்படியே ஓட்டுனா பல் தேஞ்சிடும்" என்றார். போர்டிகோவில் அவருடைய வண்டியும் கிட்டத்தட்ட இதே ரகம். பக்கப் பெட்டியில் பூசைப் பாத்திரம், அப்பம், சின்னப் பாட்டிலில் திராட்சை ரசம், எல்லாம் வெள்ளைத் துணியில் சுற்றி, ஆடாமல் இருக்க நடுவில் ஒரு துண்டைச் சொருகி வைத்திருந்தார். ஞாயிறன்று பங்கில் பூசை முடித்துவிட்டுக் கிளைக் கிராமங்களுக்கு வரிசையாக ஓட வேண்டும். மழையில் அந்தப் பெட்டியை எப்படிக் காப்பாற்றுகிறார் என்று கேட்டேன். அந்தப் பேச்சு முடிய மதியம் ஆகிவிட்டது. கடைசியில் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினார். பழைய பக்கங்களில் மை தாளை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் சன்னமான ஓட்டைகள்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு போன இடங்களில் எல்லாம் அதே பேச்சு. ஒரு சபையில் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வைத்திருந்த அண்டாக்கள் அந்த வாரம் முழுக்க அடுப்பை விட்டு இறங்கவில்லை என்று ஐயரம்மா சொன்னார். வந்தவர்களில் பாதிப்பேர் சபைக்காரர்களே இல்லை.

வண்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடல் காற்று சைலன்சர் இணைப்பையும் போல்ட்டுகளையும் துருப்பிடிக்க வைக்கிறது. கரையோரக் கிராமம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். கம்பெனி சீட் தூரப் பயணத்துக்கு ஆகாது. முகாசாபரூர் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கிறது. மாதா அங்கே சேலை கட்டிய தமிழ்ப் பெண். அந்த அழகை இறங்கியவுடன் நின்று பார்க்க முடியாதபடி இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் சீட் கடையில் ஸ்பாஞ்ச் மாற்றியதும் சரியாகிவிட்டது. கோவில் வளாகங்கள் பெரும்பாலும் மணல். சைடு ஸ்டாண்ட் புதையும், சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள். மைலேஜ் ஐம்பதுக்குக் குறைந்ததில்லை.

ஞாயிறு காலை யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். திங்கட்கிழமை பல போதகர்களுக்கு ஓய்வு நாள். டிசம்பரிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு மேல் போனால் நிம்மதியாகப் பேசலாம். அப்படியே வேளாங்கண்ணி வரைக்கும் இருவராகப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வண்டி வேண்டாம், 150 சிசிக்கு மேல் பாருங்கள். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு, கன்னியக்கோவில் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.