வில்ட்ஷர் வரைபடம்: நட்சத்திரம் போட்டதா, எல்லைக்கோடு போட்டதா?

இங்கிலாந்தின் பழைய கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரைபடங்களில் தேர்தல் விவரம் உள்ளதாக ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், பெரும்பாலும் இரண்டு வகையில் வந்து நிற்போம். ஒன்று, 18-ஆம் நூற்றாண்டில் எமானுவல் போவன், தாமஸ் கிச்சின் போன்றவர்கள் செய்த செப்புத்தகட்டு அச்சு. இன்னொன்று, நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றியமைத்த 1832 சீர்திருத்தச் சட்டத்தையொட்டி ராபர்ட் டாசன் என்ற ராணுவப் பொறியாளர் தயாரித்த கல்லச்சுப் படம். நான் வாங்கியது இரண்டாவது, வில்ட்ஷர் கவுன்டிக்கானது.

அழகுக்குப் பழையதுதான், அதில் பேச்சே இல்லை. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை நட்சத்திரமோ அந்த ஊருக்கு அத்தனை எம்.பி. மான்செஸ்டருக்குத் தனியாக ஒருவர்கூட இல்லாத காலத்தில், வில்ட்ஷரில் ஆளே குடியிருக்காத ஓல்டு சாரம் மேட்டுக்கு இரண்டு பேர்! ஆனால் அந்தப் படங்களில் வண்ணம் பிரித்துக் காட்டுவது ஹன்ட்ரட் என்ற உட்பிரிவுகளை, தொகுதிகளை அல்ல. வில்ட்ஷர் வடக்கு, தெற்கு என்று இரண்டு தொகுதிகளாகப் பிரிந்ததைப் பார்க்க 1832 படத்துக்குத்தான் வரவேண்டும்.

அதில் ஒரேயொரு விஷயத்தில் கவனம் வேண்டும்: வண்ணம். எல்லைக்கோட்டைத் தூரிகையால் கையாலேயே தீட்டியிருப்பார்கள், அது மங்கினால் படம் சொல்லவந்த விஷயமே மங்கிவிடும், அதனால் பின்னாளில் யாராவது புதிதாகப் பூசியிருக்கிறார்களா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. லென்ஸை மடிப்பின் மேல் வையுங்கள். இவை தொகுதி எல்லைகள் பற்றிய அரசு அறிக்கைப் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டவை, மடிப்பில் தாள் வெடித்திருக்கும். பழைய வண்ணமென்றால் வெடிப்போடு சேர்ந்து அதுவும் விட்டுப்போய் உள்ளே வெறும் தாள்நார் தெரியும். புதுப்பூச்சு என்றால் வண்ணம் அந்த வெடிப்புக்குள் இறங்கி, மற்ற இடத்தைவிட அடர்த்தியாகத் தேங்கி நிற்கும். என்னிடம் இருக்கும் படத்தில் நடு மடிப்பில் கோடு அரை மில்லிமீட்டர் அறுந்திருக்கிறது. அந்த அறுபட்ட இடத்தைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.

மறுவிற்பனை பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன், நான் இதுவரை எதையும் விற்றதில்லை. அலங்காரத்துக்கு வாங்குபவர்கள் பழையதைத்தான் கேட்பார்கள் என்று தோன்றுகிறது.

அப்புறம், மாட்டப்போவது வெயில் படும் சுவரென்றால் நட்சத்திரப் படத்தையே வாங்குங்கள். அதில் வண்ணம் வெளுத்தாலும் நட்சத்திரங்கள் அச்சு மையில் இருப்பதால் அப்படியே நிற்கும். என் டாசன் படம் அமிலமில்லாத அட்டைக்குள், மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.