ஒரே விமானம், இரண்டு எண்கள்: கூட்டாளி நிறுவனத்தின் வழியே பயணச்சீட்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டுப் பயணத்திற்கு விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் இது பழகிய காட்சிதான். ஒரே நிமிடத்தில் புறப்பட்டு ஒரே நிமிடத்தில் போய்ச் சேரும் ஒரே விமானம், இரண்டு மூன்று நிறுவனங்களின் பெயரில், வெவ்வேறு எண்களில், வெவ்வேறு விலைகளில் பட்டியலில் வந்து நிற்கும். கோட்ஷேர் எனப்படும் இந்த ஏற்பாட்டில் ஒரு நிறுவனம் விமானத்தை இயக்கும். அதன் இருக்கைகளை இன்னொரு நிறுவனம் தன் எண்ணைப் போட்டு விற்கும். விமானம் ஒன்றேதான் என்றால் குறைந்த விலைக்கு விற்பவரிடம் வாங்குவதுதானே அறிவு என்று எவருக்கும் தோன்றும். அப்படி வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு, திரும்பும் பயணத்தில் நான் விமான நிலையத்திலேயே விடப்பட்டேன். விமானத்தில் இடம் இருந்தது. என் பெயர் தங்கள் கணினியில் இருப்பதை இரு நிறுவனங்களும் மறுக்கவில்லை. ஆனாலும் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. அது ஏன் நடந்தது என்பது பலருக்கும் தெரியாததால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வாங்கியது போகவரச் சீட்டு. நீண்ட தூரப் பகுதியை விற்ற நிறுவனமே இயக்கியது. அதனோடு இணையும் குறுகிய பகுதியைக் கூட்டாளி நிறுவனம் இயக்கியது. எல்லாப் பகுதிகளிலும் விற்ற நிறுவனத்தின் எண்தான் இருந்தது. குறுகிய பகுதியின் எண்ணுக்கு அடியில் மட்டும் இயக்குபவர் என்று கூட்டாளியின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதே விமானங்களைக் கூட்டாளியின் தளத்தில் வாங்கினால் விலை கணிசமாகக் கூடுதலாக இருந்தது.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, கூட்டாளி நிறுவனம் தன் கால அட்டவணையை மாற்றியது. திரும்பும் பயணத்தின் முதல் விமானம் ரத்தாகி, அதற்குப் பதிலாக அதே நாளில் முன்னதாகப் புறப்படும் வேறொரு விமானத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். விற்ற நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது, மாற்றத்தை ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். புதிய நேரங்களோடு பயண விவரம் வந்தது, ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே உறுதி செய்யப்பட்டது என்ற சொல்லோடு. போகும் பயணம் எவ்விதச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

திரும்பும் நாளில், இயக்கும் நிறுவனத்தின் செக்-இன் கவுண்ட்டரில் இருந்தவர் வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, “உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் இந்த விமானத்துக்கு உங்களிடம் சீட்டு இல்லை. சீட்டு கொடுத்த நிறுவனத்திடம்தான் நீங்கள் பேச வேண்டும்” என்றார். சீட்டு கொடுத்த நிறுவனத்துக்கு அந்த விமான நிலையத்தில் அலுவலகமும் இல்லை, கவுண்ட்டரும் இல்லை. கோட்ஷேர் எண் மட்டும் அறிவிப்புப் பலகையில் ஓடும் ஊர்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. தொலைபேசியில் பிடித்தபோது, “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, அவர்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்” என்றார்கள். மறுபடி பார்த்தார்கள், இல்லை என்றார்கள். கவுண்ட்டரில் இருப்பவரிடமே பேசுங்கள் என்று தொலைபேசியை நீட்டினால், பயணியின் தொலைபேசியில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை என்று அவர் கையை விலக்கிக்கொண்டார். இப்படி இருவருமாக என்னைப் பந்தாடிக்கொண்டிருந்தபோது செக்-இன் முடிந்துவிட்டது. மறுபடி விற்ற நிறுவனத்தை அழைத்தபோது, நான் விமானத்துக்கு வராத பயணியாகப் பதிவாகியிருப்பதாகவும், அதனால் அடுத்த நீண்ட தூரப் பகுதியும் தானாகவே ரத்தாகிவிட்டதாகவும், எந்தத் தயக்கமும் இல்லாத குரலில் தெரிவித்தார்கள். வராதவன் என்று அவர்கள் சொன்ன நேரத்தில் நான் கவுண்ட்டருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைய விலையில் வேறு சீட்டு வாங்கித்தான் ஊர் திரும்ப முடிந்தது.

நடந்த கோளாறு இதுதான். பயணிகள் ஒன்று என்று நினைக்கும் இரண்டு பொருட்கள் விமான நிறுவனங்களின் கணினியில் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று முன்பதிவு, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பி.என்.ஆர். அதன் அடையாளம். மற்றொன்று மின்சீட்டு, அதற்குப் பதின்மூன்று இலக்க எண் உண்டு, முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும். 220 என்று தொடங்கினால் லுஃப்தான்சா, 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்பது போல. முன்பதிவு இருக்கையை ஒதுக்கும். பணம் கட்டியதற்கான ஆதாரம் மின்சீட்டு. அந்த மின்சீட்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூப்பன் இருக்கிறது. கூப்பனில் உள்ள விமானமும் தேதியும் முன்பதிவில் உள்ளவற்றோடு பொருந்தினால்தான் இயக்கும் நிறுவனத்தின் கணினி போர்டிங் பாஸைத் தரும். விமானம் மாறும்போது முன்பதிவை மாற்றினால் மட்டும் போதாது; சீட்டை வெளியிட்டவர் அந்தக் கூப்பனைப் புதிய விமானத்துக்குத் திருத்த வேண்டும், இல்லையென்றால் புதிய எண்ணில் சீட்டையே மறுபடி வெளியிட வேண்டும். என் விஷயத்தில் நான் பொத்தானை அழுத்தியதும் முன்பதிவு மாறியது. கூப்பன் ரத்தான பழைய விமானத்திலேயே கிடந்தது. உறுதி செய்யப்பட்டது என்று வந்த மின்னஞ்சல் முன்பதிவைப் பற்றியது மட்டுமே. இயக்கும் நிறுவனத்தின் ஊழியர் சொன்னது தொழில்நுட்ப அளவில் உண்மைதான். பிறர் வெளியிட்ட சீட்டைத் திருத்தும் அதிகாரம் சாதாரணமாகக் கவுண்ட்டரில் இருப்பவருக்குக் கிடையாது. விற்ற நிறுவனத்தின் தொலைபேசி ஊழியரோ சீட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்பது பின்னால் அவர்கள் எழுதிய பதிலிலேயே தெரிந்தது.

புகார் எழுதியபோது அதே பந்தாட்டம் கடித வழியில் தொடர்ந்தது. விற்ற நிறுவனம், ஏற்ற மறுத்தது நாங்கள் அல்ல என்றது. இயக்கிய நிறுவனம், செல்லுபடியாகும் சீட்டு இல்லாதவரை ஏற்ற முடியாது, பணம் வாங்கியவரைக் கேளுங்கள் என்றது. மின்சீட்டு ரசீது, கால அட்டவணை மாற்ற மின்னஞ்சல், தொலைபேசி அழைப்புகளின் நேரம் ஆகியவற்றை வரிசையாக இணைத்து, கூப்பன் எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் பயன்படுத்தாத பகுதிகளின் கட்டணத்தை விற்ற நிறுவனத்தார் திருப்பித் தந்தார்கள். புதிதாக வாங்கிய சீட்டின் விலையை இன்றுவரை தரவில்லை. நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் தருவதாக எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்களோ தெரியவில்லை.

விலை வேறுபாட்டுக்கு வருகிறேன். ஒரே விமானத்தின் இருக்கைகளை இரு நிறுவனங்களும் தத்தம் விலைப் படிநிலைகளில் விற்கின்றன. இயக்கும் நிறுவனத்தில் மலிவான படிநிலை தீர்ந்துபோன பிறகும் விற்பவரிடம் அது திறந்திருக்கலாம்; நேர்மாறாகவும் நடக்கும். ஆகவே குறைந்த விலை என்பதே சூழ்ச்சி அல்ல. ஆனால் அந்த விலையோடு வரும் நிபந்தனைகள் விற்பவருடையவை, விமானத்தில் கிடைக்கும் சேவை இயக்குபவருடையது. இரண்டுக்கும் நடுவில் விழும் எதற்கும் பொறுப்பேற்க ஆள் இருக்காது. இருக்கைத் தேர்வு பெரும்பாலும் இயக்கும் நிறுவனத்தின் தளத்தில்தான் முடியும். அதற்கு அவர்களுடைய பி.என்.ஆர். வேண்டும், அது விற்றவர் கொடுத்த எண்ணிலிருந்து வேறாக இருக்கும். சக்கர நாற்காலி, சிறப்பு உணவு போன்ற கோரிக்கைகள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் காணாமல் போவதுண்டு. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் போன்ற கூட்டணிகளில் இரண்டும் உறுப்பினர் என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடும் என்று எண்ண வேண்டாம்; மைல் புள்ளிகள் சேருமா, எத்தனை சேரும் என்பதுகூட எந்த எண்ணில், எந்தப் படிநிலையில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

இழப்பீட்டு உரிமையும் விலையில் தெரியாத ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குவிதி, ஏற்ற மறுத்தல், ரத்து, நீண்ட தாமதம் ஆகியவற்றுக்குத் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. அந்தப் பொறுப்பு இயக்கும் நிறுவனத்தின் மேல் விழுகிறது, எண்ணை விற்றவர் மேல் அல்ல. ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் விதி பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானத்துக்கோ, இயக்குபவர் ஒன்றியத்தின் உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். ஐரோப்பிய நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து வாங்கி, இயக்குபவர் வேறொருவராக இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். என் பயணத்தின் அந்தப் பகுதி அவ்விதியின் எல்லைக்குள் வரவே இல்லை.

பயணப்பெட்டி விஷயத்தில் நிலைமை ஓரளவு நல்லது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பெட்டி தொலைந்தாலோ தாமதமானாலோ ஒப்பந்தம் செய்த நிறுவனத்திடமும் கேட்கலாம், உண்மையில் ஏற்றிச் சென்ற நிறுவனத்திடமும் கேட்கலாம். யாரிடம் கேட்பது என்பது பயணியின் விருப்பம். பெட்டி சேதமடைந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். எத்தனை பெட்டி என்பதற்கு, விலை ஒப்பீட்டுத் தளத்தின் படத்தை நம்பாமல் மின்சீட்டு ரசீதைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே 1பிசி என்றோ 30கே என்றோ அச்சாகியிருக்கும். முதலாவது ஒரு பெட்டி, இரண்டாவது முப்பது கிலோ. கவுண்ட்டரில் வாதாட அதுதான் ஆதாரம்.

ஒப்பீட்டுத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை காட்டும் விலை பல நேரங்களில் சற்று முன்பு எடுத்து வைத்த விலை. பணம் கட்டும் பக்கத்தில் அது மாறினால் வியப்பில்லை. ஆனால் அங்கிருந்து ஒரு இணைய ஏஜென்ட்டிடம் போய் வாங்கினால், மேலே சொன்ன இருவரோடு மூன்றாவதாக ஒருவரும் சேர்ந்துகொள்வார் என்பதை மறக்க வேண்டாம். சீட்டில் மாற்றம் வேண்டுமென்றால் விற்ற நிறுவனமே ஏஜென்ட்டைக் கேளுங்கள் என்றுவிடும். இதைவிட மோசமானது, வெவ்வேறு சீட்டுகளை ஒட்டி ஒரே பயணம் போலக் காட்டுவது. அதில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களை வேறு விமானத்தில் அனுப்பும் கடமை பொதுவாக இல்லை. எல்லாப் பகுதிகளும் ஒரே பதின்மூன்று இலக்க எண்ணின் கீழோ, அதைத் தொடர்ந்து வரும் இணைச்சீட்டு எண்ணின் கீழோ (ஒரே பயணத்துக்காக ஒன்றாக வெளியிடப்படும் அடுத்த சீட்டின் எண்) வருகின்றனவா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கோட்ஷேர் சீட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில ஊர்களுக்கு வேறு வழியே கிடையாது. விலை வேறுபாடு சொற்பமாக இருந்தால் இயக்குபவரிடமே வாங்குங்கள். வேறுபாடு பெரிதென்று விற்பவரிடம் வாங்கினால், வாங்கிய அன்றே இயக்குபவரின் பி.என்.ஆரைக் கேட்டுப் பெற்று, அவர்கள் தளத்தில் உள்ளிட்டுப் பெயரும் மின்சீட்டு எண்ணும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கால அட்டவணை மாறியதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கிறேன் என்பதை அழுத்தியதோடு நிறுத்தாமல், விற்ற நிறுவனத்தை அழைத்து, “புதிய விமானத்துக்குச் சீட்டு மறுபடி வெளியிடப்பட்டுவிட்டதா?” என்று அதே சொற்களில் கேளுங்கள். முன்பதிவு உறுதியாக இருக்கிறது என்று பதில் வந்தால் அது இந்தக் கேள்விக்கான பதில் அல்ல. திருத்திய மின்சீட்டு ரசீதை அனுப்பச் சொல்லுங்கள். அதில் புதிய விமானத்தின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும்.

அதையும் மீறிக் கவுண்ட்டரில் மறுத்தால், தொலைபேசியில் மல்லாடுவதற்கு முன்பு பணிப்பொறுப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். விற்ற நிறுவனத்தைத் தங்கள் அலுவலகத் தொடர்பு வழியே கேட்க அவரால் முடியும். அவரும் கைவிரித்தால், நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எந்தக் காரணத்துக்காக ஏற்ற மறுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், கவுண்ட்டரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அங்கிருந்தே இரு நிறுவனங்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். அப்போது வராத பயணி என்று உங்களைப் பதிவு செய்வது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.