குடாநாட்டு மழைவீழ்ச்சித் தரவும் ரியோஎக்ஸ்அரேயும்: நெடுநாட் பாவனையில் கண்டவை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ் நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே என்பதால், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கே எவ்வளவு மழை பெய்தது என்ற கணக்கு இங்கு கிணறுகளின் கணக்காகவும் ஆகிறது. அதற்காகவே செய்மதி அவதானங்களையும் நிலைய அளவீடுகளையும் இணைத்துக் கணிக்கப்பட்டு 1981 முதல் கிடைக்கும் சேர்ப்ஸ் நாளாந்த மழைவீழ்ச்சித் தரவையும், கணினி மாதிரியால் மீள்கணிக்கப்பட்டு 1950 முதல் மணித்தியாலவாரியாகக் கிடைக்கும் ஈஆர்ஏ5-லாண்ட் தரவையும், நமது நில அளவை வரைபடங்களுக்குரிய எஸ்எல்டி99 எறியத்துக்கு (அதாவது உருண்டையான புவியைத் தட்டையான வரைபடத்தில் இடும் முறைக்கு) மாற்றும் வேலையைப் பைதன் நிரல்மொழியில் எக்ஸ்அரே, ரியோஎக்ஸ்அரே ஆகிய நிரல் நூலகங்களைக் கொண்டு சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எறியத்தை மாற்றுவதில் இக்கருவிகளைத் தயக்கமின்றி நம்பலாம் என்பதும், அந்த மாற்றத்தைக் கணக்கின் முதற்படியாக அன்றிக் கடைசிப் படியாகவே வைக்க வேண்டும் என்பதும் இக்காலப் பாவனையில் எனக்கு உறுதிப்பட்டவை.

முன்னர் ஜிடால் என்ற புவித்தரவு மென்பொருளின் கட்டளைகளால் நாளுக்கு ஒரு ஜியோடிஃப் வரைபடக் கோப்பாக மாற்றியபோது, திகதி கோப்பின் பெயரில் மட்டுமே தங்கியிருந்தது. ரியோஎக்ஸ்அரேயும் உள்ளே அதே ஜிடாலில்தான் தங்கியிருக்கிறது. எனினும் கால அச்சு தரவுடன் ஒட்டியே வருவதால், எறியம் மாறிய பின்னும் 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை கொட்டிய நாட்களைத் திகதி கொடுத்தே பிரித்தெடுக்க முடிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதற்கு மாறலாம்.

மாற்றத்துக்கு முன் தரவின் மூல எறியத்தையும், வெற்றுக் கலங்களுக்கு (தரவு இல்லாத வரைபடக் கட்டங்களுக்கு) இடப்பட்ட எண்ணையும் நாமே அறிவிக்க வேண்டும். சேர்ப்ஸ் தரவில் கடற்பரப்புக்கு −9999 என்ற எண் இடப்பட்டிருக்கும். காரைநகர்க் கரையில் 40 மில்லிமீற்றர் பதிந்த ஒரு கலமும் அதன் பக்கத்துக் கடற்கலமும் சம நிறையுடன் சராசரியாக்கப்பட்டால், விடை −4979.5 மில்லிமீற்றர் ஆகிவிடும். பெரிய நிலப்பரப்பில் இத்தகைய கலங்கள் ஓரத்தில் மட்டுமே இருக்கும். குடாநாட்டிலோ பெரும்பாலான கலங்களுக்குக் கடல் ஒரு கல எட்டிலேயே இருப்பதால், மாற்றிய வரைபடத்தில் மறைப்பெறுமானம் (பூச்சியத்திலும் குறைந்த எண்) உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

படிகளின் ஒழுங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரியோஎக்ஸ்அரே நாம் வேறொன்று கேட்காதவரை மிக அண்மைக் கலத்தின் பெறுமானத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். பெறுமானம் மாறாது, ஆனால் சில கலங்கள் இருமுறை வரும், சில விடுபடும். பைலீனியர் முறை நான்கு அயற்கலங்களை நிறையிட்டுக் கலக்கும். ஒரு மாதத்தின் மொத்த மழையை முதலில் கூட்டிப் பின் இம்முறையில் எறியம் மாற்றினாலும், எறியம் மாற்றிப் பின் கூட்டினாலும் விடை ஒன்றே. 100 மில்லிமீற்றரைத் தாண்டிய நாட்கள் எத்தனை என்ற கணக்குக்கு அது பொருந்தாது. அடுத்தடுத்த இரு கலங்களில் ஒன்றில் 130, மற்றதில் 40 என்றால், நடுவில் விழும் புதிய கலத்துக்கு 85 கிடைக்கும். அந்தக் கனமழை நாள் அங்கே கணக்கில் இல்லாமற் போய்விடும். ஆகவே மழை நாட்கள், நீண்ட வறட்சி இடைவெளி போன்றவற்றை மூல நெய்யரியிலேயே (எறியம் மாற்றாத கட்டவலையிலேயே) கணித்து முடித்து, விடையை மட்டும் எறியம் மாற்றுகிறேன். 1981 முதல் 2024 வரை 16,071 நாட்படலங்களை மாற்றுவதற்குப் பதிலாக 528 மாதப் படலங்களை மாற்றினாற் போதும் என்பது இதன் கூடுதல் நன்மை.

அது சிறிய நன்மையன்று. டாஸ்க் என்ற நூலகத்தைக் கொண்டு துண்டு துண்டாகத் திறந்த தரவையும் ரியோஎக்ஸ்அரே எறியம் மாற்றும்போது முழுமையாக நினைவகத்துக்குள் ஏற்றிவிடுவதால், சாதாரண மடிக்கணினி திணறும். நெடுந்தீவு முதல் சுண்டிக்குளம் வரையான பகுதியை, சுற்றிலும் இரண்டு மூன்று கலங்கள் கூடுதலாக விட்டு, முதலிலேயே வெட்டியெடுத்துக்கொள்வது நல்லது.

வெளியீட்டுக் கலத்தின் அளவையும் நாமே சொல்ல வேண்டும். சேர்ப்ஸின் 0.05 பாகை இங்கே ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர். அதை 1 கிலோமீற்றராக்கினால் படம் அழகாகும், புதிய தகவல் எதுவும் சேராது. உரும்பிராய்க்கும் கோப்பாய்க்கும் தனித்தனி மழை அளந்ததுபோன்ற தோற்றத்தை அது தந்துவிடும் என்பதால், அப்படங்களை முடிவெடுக்கும் இடங்களுக்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை.

வழுக்கையாற்று வடிநிலத்தில் விழுந்த நீரின் கனவளவு போன்ற கணக்குகளுக்கு, பரப்பளவுக்கேற்பப் பங்கிட்டு மொத்தத்தைப் பேணும் முறை தேவை. அதற்கு எக்ஸ்இஎஸ்எம்எஃப் நூலகத்தையே பயன்படுத்துகிறேன். அதைக் கொண்டா என்ற மென்பொருள் நிறுவி வழியாக நிறுவுவதே சிக்கலற்றது.

எறிய மாற்றம் காலத்தைத் தொடுவதில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். ஈஆர்ஏ5-லாண்டின் நாள் நமது நேரப்படி அதிகாலை 5.30க்குத் தொடங்குகிறது, வானிலை அவதான நிலையத்தின் மழைநாளோ காலை 8.30க்கு முடிகிறது. விடியற்காலையில் பெய்த பெருமழை இரண்டு பட்டியல்களிலும் வெவ்வேறு திகதிகளில் நிற்கக்கூடும் என்பதால், ஈஆர்ஏ5-லாண்டில் நாளின் தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே வரும் திரள் பெறுமானங்களை மணித்தியாலப் பெறுமானங்களாகப் பிரித்து, 8.30 எல்லைக்கு அமையக் கூட்டிய பிறகே அவதான நிலையத்தின் பதிவுகளுடன் ஒப்பிடுகிறேன்.