நிக்கோசியாவில் ஒரு நடைச் சுற்றுலா: ஒரு கோடு, இரண்டு காபி, நிறைய ஃப்ராய்ட்

சைப்ரஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். நானும் அண்ணனும் போனது அவர் வேலை விஷயமாக. பம்பும் குழாயும் விற்கிற கம்பெனி அவருடையது. லார்னகாவில் இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது, மூன்றாம் நாள் சும்மா கிடந்தது. தலைநகர் நிக்கோசியாவில் "பிரிந்த நகரத்தின் மனசு" என்கிற மாதிரி ஒரு தலைப்பில் நடைச் சுற்றுலா இருப்பதைப் பார்த்து நான்தான் பணம் கட்டினேன். ஆளுக்கு 30 யூரோ. "நடக்கிறதுக்கு எதுக்குடா காசு" என்று அண்ணன் கேட்டார், வழக்கம்போல. நடத்துபவர் தனி ஆள், ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். நான் அதைத் தேடிப் பிடித்த மாதிரி நீங்களும் பிடித்துவிடலாம்.

மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், நாலரை ஆயிற்று. எங்களோடு ஒன்பது பேர். பழைய நகரைச் சுற்றி வெனிஸ்காரர்கள் 1567-ல் எழுப்பத் தொடங்கிய வட்டக் கோட்டைச் சுவர், அதில் 11 கொத்தளங்கள், அந்த வட்டத்தை நடுவில் இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது ஐ.நா. காவலில் உள்ள இடைநிலம். 1963 டிசம்பரில் கிரேக்க சைப்ரஸ்காரர்களுக்கும் துருக்கிய சைப்ரஸ்காரர்களுக்கும் இடையே சண்டை வெடித்தபோது ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டார், அதனால்தான் இன்றைக்கும் அது பச்சைக் கோடு. 1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சியின் ஆதரவோடு சைப்ரஸில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கியப் படை தரையிறக்கம், அதற்குப் பிறகு கோடு தீவின் குறுக்கே 180 கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது: தெற்கே கிரேக்கத் தரப்பு, வடக்கே துருக்கியத் தரப்பு. இந்த முன்கதையை வழிகாட்டி பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். அவர் சொல்ல வந்தது வேறு.

அவருடைய கதாநாயகன் வாமிக் வோல்கன். 1932-ல் இதே நிக்கோசியாவில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்தவர், அங்காராவில் மருத்துவம் படித்துவிட்டு 1957-ல் அமெரிக்கா போய் உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். அவர் போன சில மாதங்களிலேயே, அங்காராவில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பரை இந்த ஊரில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அம்மாவுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில். அந்தச் சாவுக்கு, தான் பல வருடம் துக்கப்படவே இல்லை என்பது வோல்கனுக்கே ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்ததாம். ஒரு ஆளின் ஆறாத துக்கத்தையும் ஒரு இனத்தின் ஆறாத துக்கத்தையும் சேர்த்து யோசிக்கிற வழி அவருக்கு அங்கிருந்துதான் கிடைத்தது என்றார் வழிகாட்டி.

அப்புறம் சாதாத் கதை. 1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சாதாத் இஸ்ரேலியப் பாராளுமன்றத்தில் நின்று, நமக்குள் இருக்கிற பிரச்சினையில் 70 சதவீதம் மனத்தடைதான் என்று பேசினார். ஏதோ மேடைப் பேச்சு என்று உலகம் விட்டுவிட்டாலும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விடவில்லை. அப்படியானால் அது எங்கள் வேலை என்று ஒரு குழு அமைத்து, பல வருடங்கள் எகிப்தியர்களையும் இஸ்ரேலியர்களையும், பிறகு பாலஸ்தீனர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வைத்தது. வோல்கன் அந்தக் குழுவில் முக்கியமான ஆள். "மிச்சம் முப்பது சதவீதம் என்ன?" என்று அண்ணன் கேட்டார். வழிகாட்டி சிரித்தார், பதில் சொல்லவில்லை. இந்த முப்பது பிறகு வரும்.

இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுத்த காசு எங்கே செரித்தது என்றால் லவ் பேர்ட்ஸ் கதையில். லெட்ரா தெரு வழியாக நடந்து, கடவுச்சீட்டைக் காட்டிப் பச்சைக் கோட்டைத் தாண்டி, வடக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் நிழலாக நின்று சொன்னார். 1963, 64 சண்டையில் சுமார் 25,000 துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வீடு வாசலை விட்டு ஓடி, தீவின் மொத்தப் பரப்பில் மூன்று சதவீதம்தான் வரும் சின்னச் சின்னத் திட்டுகளில் அடைந்து கிடந்தார்கள். 1968-ல் ஊருக்கு வந்த வோல்கன் பார்க்கிறார், எந்த வீட்டுக்குள் போனாலும், எந்தக் கடையில் நுழைந்தாலும், கூண்டு. கூண்டுக்குள் நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற அதே சின்னக் கிளிகள். துருக்கியிலும் அதற்கு முஹப்பத் குஷு என்றுதான் பெயர், அன்புப் பறவை. அந்தக் குருவிகள் தீவின் பறவையே அல்ல. தாங்களே அடைபட்டுக் கிடக்கிற ஜனம், வேலையும் இல்லாமல் வெளியே போகவும் முடியாமல், நாள் முழுக்கக் குருவிக்குத் தீனி வைப்பதும் முட்டை பொரித்ததா என்று எட்டிப் பார்ப்பதுமாக இருந்திருக்கிறது. கூண்டுக்குள் இருப்பது தாங்கள்தான், குருவி குஞ்சு பொரித்துப் பாடிக்கொண்டிருக்கிறவரை நாமும் பிழைத்துக்கிடப்போம் என்ற நம்பிக்கை. திட்டுகளின் அடைப்பு திறந்து ஜனம் வெளியே போய்வர ஆரம்பித்ததும் குருவிப் பைத்தியம் தானாகவே அடங்கிவிட்டதாம். யாரும் பிரசாரம் செய்யவில்லை, எந்தத் தலைவரும் குருவி வளருங்கள் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு கூட்டத்தின் மனசு என்று ஒன்று உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இதைவிட எளிதாக ஒரு விளக்கம் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அடுத்தது புயூக் ஹானில் காபி. ஒட்டோமான்கள் 1572-ல் கட்டிய சத்திரம், இப்போது முற்றத்தைச் சுற்றிக் கைவினைக் கடைகள். காபி சுற்றுலாக் கட்டணத்தில் சேராது, முன்னமே சொல்லியிருக்கலாம். தெற்கே காலையில் குடித்ததும் இங்கே குடித்ததும் ஒரே காபி: அதே சின்னச் செம்பு, அடியில் அதே வண்டல். 1974-க்கு முன்னால் தெற்கிலும் அதைத் துருக்கிக் காபி என்றுதான் கேட்பார்களாம். இப்போது அங்கே அப்படிக் கேட்டால் கடைக்காரர் முகம் மாறும், கிரேக்கக் காபி அல்லது சைப்ரஸ் காபி. அளவான சர்க்கரை போட அங்கே மெத்ரியோ, இங்கே ஓர்தா. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் இதற்குச் சிறு வித்தியாசங்களின் தன்மோகம் என்று பெயர் வைத்தார். பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்கிறவர்கள்தான் மயிரிழை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. பழைய காலத்துக் கிராமங்களில் இரண்டு பேரும் ஒரே கறுப்புத் தொளதொளக் கால்சட்டைதான், இடுப்புத் துணியின் நிறத்தையும் சிகரெட் பெட்டியின் நிறத்தையும் பார்த்துத்தான் யார் யார் என்று தெரியும் என்று வோல்கன் எழுதியிருக்கிறார். காபி முடிந்ததும் கேட்டபோது "ரெண்டும் கசப்புதான்" என்றார் அண்ணன்.

தலைவர்களைப் பற்றிய பகுதி பாதி நன்றாக இருந்தது. வோல்கனின் கூடார உவமை தெரிந்திருக்கலாம். ஒவ்வொருவரும் தன் சட்டையைத் தான் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய துணிக்கூடாரம், அதைத் தாங்குகிற நடுக்கம்பம் தலைவர். கல்யாணப் பந்தலில் காற்றடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பட்டுப் புடவை கசங்குகிறதா என்று எவரும் பார்ப்பதில்லை, ஓடிப்போய் ஷாமியானா மூங்கிலைப் பிடிப்போம். அப்படித்தான். கூடாரம் ஆடினால் தன் சட்டை மறந்துபோகும், கம்பம் நேராக இருக்கிறதா என்பது மட்டுமே கவலை. நல்ல தலைவன் துணியில் கிழிசலைத் தைப்பான், மோசமானவன் வெளியே இருக்கிறவன்தான் கிழித்தான் என்று கத்திக்கொண்டே இருப்பான். ஃப்ராய்ட் 1921-லேயே கூட்ட மனசுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது திருச்சபையையும் ராணுவத்தையும். சைப்ரஸில் அந்த இரண்டில் ஒன்று நாட்டை ஆண்டது: பேராயர் மகாரியோஸ் 1960-லிருந்து குடியரசுத் தலைவர், அங்கியும் பதவியும் ஒரே உடம்பில். இதுவரை அழகாகப் போயிற்று. ஆனால் 1974-ல் அந்தக் கம்பத்தைப் பிடுங்கப் பார்த்தது வெளியே இருந்த துருக்கியர்கள் அல்ல, கிரேக்க அதிகாரிகள் நடத்திய தேசியக் காவற்படை, அதாவது அதே கூடாரத்துக்குள் நின்ற ஆட்கள். உவமை அங்கே தடுமாறுகிறதே என்று கேட்டதற்கு "அது உட்கூடாரம்" என்று ஏதோ சமாளித்தார். எனக்கு ஒட்டவில்லை. டெங்க்டாஷைப் பற்றி இரண்டே வாக்கியம், அதுவும் அவருடைய வக்கீல் தொழிலைப் பற்றி. பல பத்தாண்டு வடக்கை நடத்தியவருக்கு இவ்வளவுதானா?

உண்மையான குறை ஒன்று உண்டு. "தேர்ந்தெடுத்த காயம்" என்ற சொல்லை மனிதர் ஊறுகாய் மாதிரி எல்லாவற்றோடும் தொட்டுக்கொண்டார். தெற்கில் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு அட்டையில் பறிபோன ஊர்களின் படம் போட்டு "மறக்க மாட்டேன்" என்று அச்சடித்ததைக் காட்டினார், அது தேர்ந்தெடுத்த காயமாம். துருக்கியப் படை இறங்கிய ஜூலை 20 அன்று விடியற்காலை தெற்கில் சங்கு ஊதி அழுகிறார்கள், அதே நாள் வடக்கில் விழா, அதுவும் அப்படித்தானாம். வோல்கன் சொன்னது இது இல்லை என்று நினைக்கிறேன். யாரும் அடிபடுவதைத் தேர்ந்தெடுப்பதில்லை. தாத்தா காலத்தில், அதற்கும் முன்னால், துக்கப்பட்டு முடிக்காத ஒரு தோல்வியைப் பேரன் தலைமுறை தன் அடையாளமாக எடுத்து மாட்டிக்கொள்வதுதான் தேர்ந்தெடுப்பது. அதற்கு வோல்கன் காட்டும் உதாரணம் செர்பியர்கள்: 1389-ல் கொசோவோ போரில் இறந்த இளவரசர் லாசரின் எலும்புகளை 600-ஆம் ஆண்டு நெருங்கும்போது ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1989 ஜூன் 28-ல் அந்தக் களத்திலேயே பெருங்கூட்டத்தின் முன்னால் மிலோஷெவிச் பேசினார், ஆறு நூற்றாண்டு நேற்று மாதிரி சுருங்கிவிட்டது. சைப்ரஸில் 1974-ல் வீட்டுச் சாவியோடு ஓடியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருடைய காயம் தேர்ந்தெடுத்தது இல்லை, வெறும் காயம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், நிலத்தை இழந்தவரைப் பார்த்து "உங்களுக்கு மனசுதான் சரியில்லை" என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் கேட்ட முப்பது சதவீதம் இங்கேதான் வருகிறது. 1960-ல் விடுதலை கொடுத்தபோதே பிரிட்டன் தீவில் மூன்று சதவீதத்தை ராணுவத் தளமாகத் தனக்கு வைத்துக்கொண்டது, இன்றும் வைத்திருக்கிறது. பிரிட்டன், கிரேக்கம், துருக்கி மூன்றுக்கும் காப்பாளர் என்ற உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. 1974-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தெற்கே ஓடினார்கள், நாற்பதாயிரத்துக்கு மேல் வடக்கே வந்தார்கள், அத்தனை பேரின் வீடும் வயலும் யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை. நாலரை மணி நேரத்தில் இதற்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. "நிலத்தகராறுக்கு வக்கீல் வேணும்டா, டாக்டர் எதுக்கு" என்று அண்ணன் முணுமுணுத்தது அநியாயமான பேச்சுதான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணனுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. கோடு போட்டு ஆளைப் பிரித்தாலும் சாக்கடையைப் பிரிக்க முடியவில்லை. எழுபதுகளின் கடைசியில் தெற்கு மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடெஸும் வடக்கில் முஸ்தபா அகின்ஜியும் சேர்ந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே கழிவுநீர்த் திட்டத்தை நடத்த ஒத்துக்கொண்டார்கள். இதே அகின்ஜி 2015-ல் வடக்கின் தலைவரானார். நகரத்தின் மனசைப் பற்றிய சுற்றுலாவில் இது ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் தொழில்முறையில் புண்பட்டார்.

ஆனால் ஒரு இடத்தில் வழிகாட்டி தத்துவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார், அதற்காகவே மறுபடி போகலாம். காணாமல் போனவர்களைப் பற்றி. இரண்டு பக்கமும் சேர்ந்து 2002 பேர் பட்டியலில். கைவிடப்பட்ட பழைய விமான நிலையத்தில், ஐ.நா. பகுதிக்குள், ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு இனத்து விஞ்ஞானிகளும் ஒன்றாக எலும்புகளை அடுக்கி அடையாளம் பார்க்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். எலும்பு கிடைக்காதவரை சடங்கு இல்லை, சடங்கு இல்லாமல் துக்கம் முடியாது என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார், யாரும் கேள்வி கேட்கவில்லை.

மற்றபடி தேவாலயமாக இருந்து மசூதியான செலிமியே, வடக்கு மலைச்சரிவில் தெற்குக்குத் தெரியும்படி வரைந்த பெரிய கொடி எல்லாம் உண்டு, படம் எடுக்க நேரம் தருவார். ஐ.நா. பகுதியில் மட்டும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது, குரல்தான் சின்னது, பின்னால் நின்றால் கேட்காது. உட்கார இடம் காபிக் கடையில் மட்டும்தான், முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை. வடக்கே போகும்போது போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள், கோட்டைத் தாண்டியதும் சிக்னல் துருக்கி கம்பெனிக்குத் தாவிவிடும், ஐரோப்பிய ரோமிங் பேக் அங்கே செல்லாது. எனக்கு வந்த பில் சுற்றுலாக் கட்டணத்தைவிட அதிகம், அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.