மெய் ஹோ ஹவுஸ்: அம்மாவோடு மூன்று ராத்திரி

ஹாங்காங்கில் தங்க இடம் தேடியபோது, ஷாம் ஷுய் போ மெட்ரோவிலிருந்து பொடிநடையாகப் போகக்கூடிய இந்த யூத் ஹாஸ்டலை வேண்டுமென்றேதான் பிடித்தேன். ஒரு காலத்தில் குடிசைவாசிகளுக்கு அரசு கட்டிக் கொடுத்த பிளாக் இது. எண் 41. நான் சென்னையில் 'போர்டு வீட்டில்', அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவன். "அம்மாந்தூரம் பிளேன் ஏறிப் போயி மறுபடியும் போர்டு வூடாடா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தங்கும் அறையைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், ஏசி, அறையோடு பாத்ரூம். அந்த ஊர் ஓட்டல்களைப் பார்த்தவர்களுக்கு வாடகையும் பரவாயில்லை. 2013-ல்தான் ஹாஸ்டலாகத் திறந்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போகவேண்டியது அதே கட்டடத்தில் இருக்கும் காட்சியகத்துக்காக. அங்கே தங்காதவர்களும் இலவசமாகப் பார்க்கலாம்.

1953 கிறிஸ்துமஸ் ராத்திரி இந்தப் பகுதியில், ஷெக் கிப் மெய் குடிசைகளில் தீப்பிடித்து 50,000 பேருக்கு மேல் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சீனாவில் ஆட்சி மாறியதும் எல்லை தாண்டி வந்த சனம்தான் அதில் நிறைய. அடுத்த வருஷமே அவர்களுக்காக ஆறு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அதில் ஒன்றுதான் இந்த பிளாக். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், நடுவில் இணைக்கிற குறுக்குக் கோட்டில் பொதுக் குழாயும் பொதுக் கக்கூஸும். ஓர் அறை 120 சதுர அடி, அதில் பெரியவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு 24 சதுர அடி என்று கணக்கு. சின்னப் பிள்ளைக்கு அதில் பாதிதான். வாடகை மாதம் 14 ஹாங்காங் டாலர். அரசுக்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. படர்ந்து கிடந்த குடிசைகளை ஆறு மாடியாக அடுக்கிவிட்டால் மிச்ச நிலம் கைக்கு வருமே!

அந்தக் கால அறைகளை அப்படியே மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். நான் கட்டிலையும் அலமாரியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சமையக்கட்டு எங்கடா?" என்றாள். கிடையாது, வாசலை ஒட்டிய நடையில்தான் அடுப்பு என்றேன். "அப்போ எதிர்க்காத்து அடிச்சா பொகையெல்லாம் பக்கத்து வூட்டுக்குப் போவும். டெய்லி சண்டதான்." எந்தத் தகவல் பலகையிலும் இது எழுதியிருக்கவில்லை.

அன்றைக்குச் சுற்றிக்காட்டியவர் அந்த பிளாக்கிலேயே வளர்ந்த ஒரு மூதாட்டி. அம்மாவை விட நாலைந்து வயது கூட இருக்கும். அவருக்குக் கான்டனீஸும் கொஞ்சம் ஆங்கிலமும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும். 1963-ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நாலு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் விட்டார்கள் என்று அவர் சொன்னதை மொழிபெயர்த்தேன். அம்மா உடனே இடுப்பில் குடத்தை வைத்துக் காட்டினாள். அவர் தோளில் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்குவது மாதிரி நடந்து காட்டினார். அதற்கப்புறம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவர் சின்ன வயசில் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பூ கோத்தவராம். விரலை மடக்கி, காம்பைச் செருகி, இதழைத் தட்டிவிடுகிற வேகத்தைக் காட்டினார். அம்மா எங்களைப் படிக்க வைத்ததே பூ கட்டித்தான். கைப்பையில் இருந்த ஏதோ நூலை எடுத்து, பூவே இல்லாமல் ஒரு முழம் கட்டிக் காட்டினாள். "கூலி எவ்ளோ குடுத்தாங்கன்னு கேளு." கேட்டேன். அவர் சுண்டுவிரல் நுனியைக் காட்டிச் சிரித்தார்.

குறை சொல்லவேண்டுமென்றால் ஒன்றுதான். காட்சியகம் ரொம்ப வாசனையாக இருக்கிறது. பொதுக் கக்கூஸ் வரிசையில் காலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு இது புரியும். ஆனாலும் ஒரு பிளாக்கை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்த பிறகு கட்டிய எங்கள் பிளாக் இப்போது இல்லை. நான் உயரம் அளந்து கோடு போட்ட சுவரும் அதோடு போயிற்று.

திங்கட்கிழமை காட்சியகம் மூடியிருக்கும், தேதி பார்த்து பதிவு செய்யுங்கள். பக்கத்திலேயே அப்லியூ தெரு, பழைய ரேடியோ, சார்ஜர், ஒயர் என்று நம்ம ரிச்சி தெரு மாதிரி. பின்னால் கார்டன் ஹில் என்று சின்னக் குன்று. சாயங்காலம் ஏறினால் ஊரே விளக்கு போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். படிதான் நிறைய. அம்மா பத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ப் பாத்துட்டு வா. கொடத்தோட மூணு மாடி ஏறுனதே எனக்குப் போதும்."